நூல் அறுந்தா யாருங்க பொறுப்பு?

காந்திபுரத்தில் பஸ் ஏறி அவிநாசி ரோட்டில் ஏர்போர்ட் பக்கம் போயிருக்கிறீர்களா? கண்டக்டர் வரிசையாகக் கூவுவார். "பி.எஸ்.ஜி. டெக்... ஹோப் காலேஜ்... சிட்ரா எறங்குங்கோ!" பத்து வயசு வரைக்கும் சிட்ரா என்பது பாடகி சித்ராவின் வீடு இருக்கிற ஸ்டாப் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். 'ட்'டையும் 'த்'தையும் கண்டக்டர்தான் குழப்புகிறார் என்று நினைப்பு.

பி.காம். முடித்து, ஒரு நூல் மில்லில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சிட்ரா என்பது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம். இங்கிலீஷ் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் சிட்ரா. 1956இல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்கள் யார் தெரியுமோ? மில்காரர்கள். ஒருத்தர் சரக்கை இன்னொருத்தர் அடிமாட்டு விலைக்கு இறக்கப் பார்க்கிற அதே மில்காரர்கள்.

நான் வேலை பார்த்த மில்லின் பெயர் வேண்டாம். முதலாளிக்கும் எனக்கும் இன்னும் கல்யாண வீடுகளில் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. வருஷம் 2012. தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஜோசியர்களே சொல்ல முடியாத காலம். ஜெனரேட்டர் டீசல் பில்லை நான் என்ட்ரி போட்டுப் போட்டு விரல் தேய்ந்த சமயத்தில், திருப்பூரிலிருந்து ஒரு டெபிட் நோட் வந்து சேர்ந்தது. நம்ம நூலில் பின்னிய பனியன் துணி, சாயம் போட்டதும் வரி வரியாகத் தெரிகிறதாம். சரக்கைத் திருப்பி எடு, ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக் கழித்துக்கொள். அவ்வளவுதான் கடிதம். தேதிகூட ஒழுங்காகப் போடவில்லை. கோபத்தில் இருப்பவர்கள் தேதி போடுவதில்லை.

மில்லுக்குள் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சுற்றிக் காட்டிவிடுகிறேன். பேலாக வரும் பஞ்சு ப்ளோரூமில் உதறப்பட்டு, கார்டிங்கில் வாரப்பட்டு, கட்டைவிரல் தடிமனில் ஸ்லைவர் என்று ஒரு நீளமான பஞ்சுக் கயிறாக உருண்டை கேனில் விழும். ட்ரா ஃபிரேமில் ஆறு, எட்டு ஸ்லைவரை ஒன்றாகச் சேர்த்து இழுப்பார்கள். ஒன்றில் மெலிசு இருந்தால் இன்னொன்றின் தடிமன் சரிக்கட்டும் என்று கணக்கு. அடுத்தது சிம்ப்ளெக்ஸ். அங்கே லேசாக முறுக்கிப் பாபினில் சுற்றினால் அது ரோவிங். கடைசியாக ரிங் ஃபிரேமில் இன்னும் முப்பது மடங்கு இழுத்து, முறுக்கி, நூல். ஆக மொத்தம் மில் என்பது பஞ்சை இழு இழு என்று இழுக்கிற தொழில். முதலாளிகள் சம்பளத்தையும் இழுப்பது பழக்கதோஷம்.

இப்படி இழுக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வர வேண்டும். வராது. எவ்வளவு வரவில்லை என்று அளப்பதுதான் வித்தை. சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊர்க்காரர்கள் 1940களிலேயே அதற்கு ஒரு மெஷின் செய்துவிட்டார்கள். இரண்டு உலோகத் தகடு, நடுவே நூல் ஓடும். தடிமன் மாறினால் மின்சாரத்தில் மாற்றம் தெரியும். 1957 முதல் உலகம் பூரா மில்களின் நூலை அளந்து, 'நீ எந்த இடத்தில் இருக்கிறாய் பார்' என்று புள்ளிவிவரம் வெளியிடுகிறார்கள். கோயம்புத்தூரில் நூல் வியாபாரம் பேசும்போது "ஊஸ்டர் எவ்வளவுங்க?" என்பது, பெண் பார்க்கும்போது "ஜாதகம் இருக்குதுங்களா?" என்பது மாதிரி.

எங்கள் மில்லிலும் ஒரு பழைய ஊஸ்டர் இருந்தது. ஏ.சி. ரூமில், தினம் பூ வைத்து, மரியாதையாக. அது தினமும் படம் படமாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும். அதை என்ன செய்தோம்? ஃபைல் செய்தோம். ஃபைல் நிறைந்ததும் கேன்டீன் அம்மா வாங்கிப்போய் வடை மடித்துக் கொடுத்தார். அந்த வருஷம் நான் தின்ற உளுந்து வடையில் ஒரு மில்லின் வியாதி பூராவும் அச்சடித்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

டெபிட் நோட் வந்த அன்று மீட்டிங். ஸ்பின்னிங் மாஸ்டர் முப்பது வருஷ அனுபவஸ்தர். ஒரு பிடி பஞ்சை விரலால் இழுத்து இழுத்து அடுக்கி, "முப்பது மில்லி" என்று இழை நீளம் சொல்வார். மெஷினில் போட்டால் 29.8 காட்டும். அந்தக் கை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் அவர் வாய் சொன்னது வேறு. "மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் ஃபிரேம் பார்க்கிற பொம்பளைங்க சரியில்லை. அறுந்த இழையை உடனே பிணைக்கிறதில்லை. பேசிட்டு நிக்கிறாங்க."

முதலாளி தலையாட்டினார். அந்த இரண்டு ஃபிரேம்களைப் பார்த்த மூன்று சைடர்களுக்கு இரண்டு மாத இன்சென்டிவ் பிடித்தம். ஆளுக்கு 1,140 ரூபாய். வவுச்சர் போட்டவன் நான்தான்.

மூவரில் ஒரு அக்கா நேரே ஆபீஸ் ரூமுக்கே வந்துவிட்டார். தலையெல்லாம் பஞ்சு. "ஏனுங் தம்பி, நூலு அறுந்தா நான் என்னுங் பண்ணுவேன்? பச்சை வளையம் போட்ட பாபின் வந்தா மட்டும் அறுந்துட்டே இருக்குதுங். மத்த பாபின்ல இல்லீங். மேஸ்திரிகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

நான் என்ன சொன்னேன்? "நான் அக்கவுண்ட்ஸ்ங்க்கா." உலகத்தில் எல்லா கணக்குப்பிள்ளைகளும் சொல்கிற பதில்.

அந்த நேரத்தில் மில்லில் ஒரு பையன் சுற்றிக்கொண்டிருந்தான். டெக்ஸ்டைல் டெக்னாலஜி கடைசி வருஷம், பிராஜெக்ட். மில்லுக்குப் பிராஜெக்ட் பையன் என்றால் ஒரு வரைமுறை உண்டு. முதல் நாள் டீ. இரண்டாம் நாள் ஒரு ஸ்டூல். மூன்றாம் நாளிலிருந்து யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைசி நாளில் சர்டிஃபிகேட் டைப் அடித்துக் கொடுத்தால் பையன் போயே போய்விடுவான். பிராஜெக்ட் ரிப்போர்ட்டை காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலேயே பைண்டிங்கோடு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பையன் என்னவோ போகவில்லை. கண்ணாடி, எண்ணெய் வைத்த தலை, கையில் ஒரு ரூல்டு நோட்டு. கேன்டீன் அம்மாவிடம் போய், "அம்மா, அந்தப் பேப்பர் பூரா எனக்கு வேணும். பதிலுக்கு நியூஸ்பேப்பர் தர்றேன்" என்று பண்டமாற்று செய்திருக்கிறான்!

நான்கு நாள் கழித்து என்னிடம் வந்தான். (நானும் கேட்க ஆளில்லாத இனம் என்பதை மோப்பம் பிடித்திருக்க வேண்டும்.) ஒரு படத்தைக் காட்டினான். ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். நூலின் தடிமன் ஏறி இறங்குவதில் ஏதாவது ஒரு கோளாறு திரும்பத் திரும்ப, ஒரே இடைவெளியில் வருகிறதா என்று காட்டுகிற படம். வரவில்லையென்றால் கோடு மலைச்சரிவு மாதிரி வழுவழு என்றிருக்கும். வந்தால் அந்த இடத்தில் மட்டும் சிம்னி மாதிரி ஒரு தூண் எழும்பி நிற்கும். எங்கள் படத்தில் தூண் நின்றது. 264 சென்டிமீட்டரில்.

"அண்ணா, கணக்குப் போடுங்க. ரிங் ஃபிரேம்ல முப்பது மடங்கு இழுக்கறாங்க. அப்ப இழுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கோளாறு எவ்வளவு நீளத்துக்கு ஒருக்கா இருந்திருக்கும்?"

264 வகுத்தல் 30. கால்குலேட்டர் தேவைப்படவில்லை. 8.8 சென்டிமீட்டர்.

"8.8 சுற்றளவு உள்ள உருளை எது? 3.14-ஆல வகுங்க."

2.8. அதாவது 28 மில்லிமீட்டர் விட்டம். சிம்ப்ளெக்ஸ் மெஷினின் முன் ரோலர்! ஒரு சுற்றுக்கு ஒரு தடவை லேசாக ஆட்டம் போடுகிறது. அந்த ஆட்டம் ரிங் ஃபிரேமில் முப்பது மடங்கு நீண்டு நூலில் பதிகிறது. மெலிந்த இடத்தில் நூல் அறுகிறது. அறாத இடம் திருப்பூர் போய்ச் சாயத்தில் வரியாகத் தெரிகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது சார். பி.காமில் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தபோது ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

"எந்த சிம்ப்ளெக்ஸ்னுதான் தெரியலை. நாலு மெஷின் இருக்குது. நாலையும் கழட்ட மாஸ்டர் ஒத்துக்க மாட்டார்" என்றான் பையன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சை வளையம். எங்கள் மில்லில் ஒவ்வொரு சிம்ப்ளெக்ஸின் பாபினுக்கும் ஒரு நிற வளையம். பச்சை என்றால் நாலாம் நம்பர்.

இங்கே கதையை நிறுத்தி வைத்துவிட்டு, இந்த மாதிரிப் பையன்களும் மெஷின்களும் கோயம்புத்தூருக்கு எப்படி வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். முதல் மில் 1888இல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் காளான் மாதிரி முளைத்தன. 1933இல் மில் முதலாளிகள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள், சைமா. பீளமேட்டில் அதற்கும் முன்னால் ஒரு காரியம் நடந்தது. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நான்கு பேர், சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926இல் அந்த டிரஸ்ட். எங்கள் சொந்தத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் சொத்தை மூன்றாகப் பிரித்தது உண்டு. மூன்றாவது பங்கு வக்கீலுக்கு.

அந்த டிரஸ்ட்டின் தொழிற்கூடம் பம்ப்பு, மோட்டார், லேத் எல்லாம் நிஜமாகவே தயாரித்து விற்கிற இடம். 1951இல் பி.எஸ்.ஜி. டெக் ஆரம்பித்தபோது காலேஜும் பட்டறையும் ஒரே காம்பவுண்ட். காலையில் கிளாஸில் படித்த வார்ப்பட விஷயத்தை மத்தியானம் சூட்டில் நின்று பார்க்கலாம். முதல் பிரின்ஸிபால் ஜி.ஆர்.தாமோதரன், விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல 'கலைக்கதிர்' என்றொரு பத்திரிகையே நடத்தியவர். பஸ் ஸ்டாப்பில் பேர் சொன்னேனே, ஹோப் காலேஜ், அது 1945இல் ஜி.டி.நாயுடு முயற்சியில், அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் வந்த காலேஜ். 'எஞ்சினீயரிங் படிக்க இத்தனை வருஷம் எதற்கு, ரெண்டு வருஷம் போதும்' என்று வாதாடிய மனுஷர் அவர். காலேஜ் பிற்பாடு தடாகம் ரோட்டுக்குப் போய் ஜி.சி.டி. ஆகிவிட்டது. ஸ்டாப் மட்டும் பெயரை விடவில்லை.

சிட்ராவின் முதல் டைரக்டர் கஸ்தூரி சீனிவாசன். மான்செஸ்டரில் ஜவுளி படித்துவிட்டு வந்தவர். நாவல் எழுதியவர், திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். அவர் பெயரில் அவிநாசி ரோட்டிலேயே ஓவியக்கூடமும் ஜவுளி மியூசியமும் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களில் பாதிப்பேர் அதைக் கடந்துபோய்தான் சினிமாவுக்குப் போகிறார்கள்.

சிட்ரா செய்த காரியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மெஷின் இல்லை. ஒரு பட்டியல். மில்கள் தங்கள் செலவு, உற்பத்தி, நூலின் தரம் எல்லாவற்றையும் சிட்ராவுக்கு அனுப்பும். சிட்ரா எல்லாவற்றையும் ஒப்பிட்டு ரிப்போர்ட் தரும். அதில் மில்லின் பெயர் இருக்காது, வெறும் கோடு நம்பர். உன் நம்பர் உனக்கு மட்டும் தெரியும். பக்கத்து மில்காரர் முதலிடமா, கடைசியா என்று தெரியாது. ஆனால் நீ கடைசியிலிருந்து இரண்டாவது என்பது உனக்கு நன்றாகத் தெரியும். நூறு கிலோ நூல் எடுக்க எத்தனை ஆள்-மணி நேரம் என்று ஒரு கணக்கு, ஹெச்.ஓ.கே. என்பார்கள். நைஸ் நூல், முரட்டு நூல் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லாவற்றையும் 40ஆம் நம்பர் நூலுக்கு மாற்றி ஒப்பிடுவார்கள். அந்த ரிப்போர்ட் வருகிற அன்று எங்கள் முதலாளி மத்தியானச் சாப்பாடு சாப்பிட மாட்டார்.

ஏன் சாப்பிட மாட்டார் என்பதற்கு ஒரு கணக்கு. தினம் 10 டன் பஞ்சு உருட்டுகிற மில் என்று வையுங்கள். பஞ்சில் நூலாக மாறுவதில் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால் 100 கிலோ போச்சு. கிலோ 100 ரூபாய் என்றால் நாளைக்குப் பத்தாயிரம். 350 நாளைக்கு 35 லட்சம். கழிவை விற்று வருகிற காசைக் கழித்தாலும் மிச்சம் நெஞ்சை அடைக்கும். ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க நகை எவ்வளவு என்று ரகசியமாகக் கணக்குப் போடுகிற ஜனம், தொழில் ரகசியத்தை ஒரு பொது இடத்தில் கொண்டுவந்து கொட்டியது இதற்காகத்தான்.

உலகத்தில் மற்றவர்களுக்கும் இந்தப் புத்தி வந்தது, கொஞ்சம் தாமதமாக. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரசாயனம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே அளந்து கண்காணிக்க 1984இல் ஒரு மையம் வைத்தார்கள். கம்பெனிகள் வருஷ சந்தா கட்டும், புரொபஸர்கள் ஆராய்வார்கள், பலன் பொது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒன்று உண்டு. மாத்திரையைக் கடைசியில் டெஸ்ட் செய்து தூக்கிப்போடுவதைவிடத் தயாரிக்கும்போதே அளந்து திருத்துங்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை வழிகாட்டி வெளியிட்டது 2004இல். நம்ம பீளமேட்டுப் பக்கம் சந்தா கட்டி ஆராய ஆரம்பித்தது 1956 என்பதை, யாராவது அமெரிக்கா மாப்பிள்ளை அலட்டினால் சொல்லிக்கொள்ளுங்கள்.

'தயாரிக்கும்போதே திருத்துவது' என்றதும் பயப்பட வேண்டாம். அன்னபூர்ணாவில் தோசை மாஸ்டர் செய்வதுதான். முதல் தோசை கருகினால் கல்லில் தண்ணி தெளிக்கிறார். விளைவைப் பார்த்துப் பின்னால் திருத்துவது ஒரு வகை. கார்டிங் மெஷினில் அப்படி. மாவு கெட்டியா நீர்த்ததா என்று கரண்டியில் எடுக்கும்போதே பார்த்துக் கையை மாற்றுவது இன்னொரு வகை. ட்ரா ஃபிரேமில் ஆட்டோலெவலர் அப்படித்தான் செய்கிறது. ஸ்லைவர் உள்ளே நுழையும்போதே தடிமனை அளந்து, அந்த இடம் இழுபடுகிற கணத்தில் வேகத்தை மாற்றிவிடும். அந்த நேரம் துளி பிசகினால் மெலிந்த இடம் இன்னும் மெலியும். தோசையும் அப்படித்தான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அளப்பது எல்லோருக்கும் வந்துவிட்டது. இன்றைக்கு ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்ஸார் வைத்து, எது அறுந்தது என்று செல்போனிலேயே சொல்கிற மில்கள் இருக்கின்றன. அதை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? 1924இல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் என்பவர் ஒரே பக்கத்தில் ஒரு படம் போட்டார், கன்ட்ரோல் சார்ட். இந்த ஏற்ற இறக்கம் சகஜம், தொடாதே. இது அசாதாரணம், போய்ப் பார். அவ்வளவுதான் அதன் சாரம். தொட வேண்டாததைத் தொட்டு, தொட வேண்டியதை விட்டுவிடுவதுதான் எங்கள் மில்லில் நடந்தது. ரோலரைத் தொடவில்லை. மூன்று பேர் சம்பளத்தைத் தொட்டார்கள்.

2020 ஏப்ரலில் இதே சிட்ரா பெயர் நாடு பூரா அடிபட்டது. கொரோனா. டாக்டர்களுக்குக் கவச உடை வேண்டும். செய்ய ஆள் உண்டு, துணி உண்டு. ஆனால் ரத்தம் ஊடுருவாது என்று யார் சர்டிஃபிகேட் கொடுப்பது? செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமேல் விட்டுப் பார்க்கிற சோதனை சிட்ராவில் இருந்தது. ஆரம்பத்தில் மொத்த இந்தியாவும் சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு அவிநாசி ரோட்டுக்குத்தான் ஓடி வந்தது. பிறகு குவாலியரில் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் உட்பட மற்ற இடங்களும் சேர்ந்தன. மே மாதத்துக்குள் நாட்டில் தினம் சில லட்சம் கவச உடை. பனியன் தைத்த கைகள்தான் பலவும். மில்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய சந்தா எங்கே போய் நின்றது பாருங்கள்.

சரி, நாலாம் நம்பர் சிம்ப்ளெக்ஸ்.

பையனையும் அக்காவையும் ஒரே இடத்தில் உட்கார வைத்ததுதான் நான் என் மில் வாழ்க்கையில் செய்த ஒரே தொழில்நுட்பச் சேவை. டீ பிரேக்கில், கேன்டீன் பெஞ்சில். பையன் படத்தைக் காட்டினான். அக்கா படத்தைப் பார்க்கவில்லை. "அது கிடக்குது கண்ணு, பச்சைப் பாபினை ஏழாம் நம்பர்ல இருந்து ஒம்பதுக்கு மாத்திப் போடச் சொல்லு. அங்க அறுந்துச்சுன்னா என் மேல தப்பில்ல" என்றார். பையன் என்னைப் பார்த்தான். இரண்டு வருஷம் அவனுக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்த பரிசோதனை முறை அதுதானாம்.

மாற்றிப் போட்டார்கள். மேஸ்திரிக்குத் தெரியாமல், இரண்டாம் ஷிப்டில். ஒன்பதாம் நம்பரில் நூல் பொலபொலவென்று அறுந்தது. ஏழு நிம்மதியாக ஓடியது.

மறுநாள் பையன் ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போனான். புத்திசாலி. "நீங்க தப்பு சார்" என்று சொல்லவில்லை. "சார், நாலாம் நம்பர் முன் ரோலரை உங்க கையால ஒருக்கா பாத்துச் சொன்னீங்கன்னா என் ரிப்போர்ட்டுல எழுதிக்குவேன்" என்றான். மாஸ்டர் போனார். மெஷினை நிறுத்தச் சொல்லி, ரோலரைக் கையால் மெதுவாகச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். பாதிச் சுற்றில் கை நின்றது.

"வளைஞ்சிருக்குது" என்றார். அப்புறம் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது அதுவும் அதையே சொன்னது.

ரோலர் மாறியது. திருப்பூர்க்காரர் அடுத்த லாட்டை வாங்கிக்கொண்டார், பழைய டெபிட் நோட்டில் பத்து பைசா குறைக்காமல். பையனுக்கு சர்டிஃபிகேட் கொடுத்தோம். வழக்கமான மூன்று வரி, வழக்கமான ஸ்பெல்லிங் மிஸ்டேக். மாஸ்டர் மட்டும் அவனைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். நான் பார்த்தவரையில் அவர் முதலாளியைக்கூட அப்படி விட்டதில்லை.

அக்கா மறுபடி ஆபீஸ் ரூமுக்கு வந்தார். "ஏனுங் தம்பி, புடிச்ச காசு?"

இந்தத் தடவை 'நான் அக்கவுண்ட்ஸ்ங்க்கா' என்று சொல்ல வாய் வரவில்லை. வவுச்சர் எழுதிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். கையெழுத்துப் போட அவருக்குப் பதினோரு நாள் ஆனது. போட்டார். மூன்று பேர், ஆளுக்கு 1,140, மொத்தம் 3,420. 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'சிம்ப்ளெக்ஸ் எண் 4, முன் ரோலர் வளைவு' என்று எழுதினேன்.

மார்ச் முடிந்து ஆடிட்டர் வந்தார். லட்சக்கணக்கான டீசல் பில்லையெல்லாம் புரட்டித் தள்ளிவிட்டு, சரியாக அந்த வவுச்சரில் பேனாவை வைத்தார். "என்ன தம்பி இது? ரோலர் வளைஞ்சா ரோலர்காரனுக்குக் காசு குடுக்கோணும். மூணு லேடீஸுக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

ஒரு காகிதத்தை எடுத்து, 264 என்று எழுதி, கீழே முப்பது போட்டு, வகுக்க ஆரம்பித்தேன். அவர் டீ ஆறிப்போனது.